முதுகுத்தண்டு ஆபரேஷனுக்கு வெளியூர் போகிறோம்: மகளிடம் எவ்வளவு சொல்வது?

மே 6 (கேள்வி)

மகளுக்கு 15 வயது. ஸ்கோலியோசிஸ் (முதுகுத்தண்டு பக்கவாட்டில் வளைவது), மேல் வளைவு 58 டிகிரி. அடுத்த மாதம் ஆபரேஷன். மருத்துவமனை எங்கள் ஊரிலிருந்து ஒரு ராத்திரிப் பயணம். நானும் அவளும் மட்டும் போகிறோம், கணவர் சின்னவனோடு வீட்டில் இருப்பார். கம்பி, ஸ்க்ரூ விவரமெல்லாம் பிள்ளைக்குத் தெரியாமல் இருப்பதே நல்லது என்பது என் கருத்து. பயந்துவிடுவாள். 'முதுகை நேராக்கப் போகிறார்கள்' என்று மட்டும் சொல்லி வைத்திருக்கிறேன். இந்த வழியில் போய் வந்தவர்கள் சொல்லுங்கள்.

மே 6, இரவு 9.40 (பதில்)

அவளுக்கு ஏற்கெனவே தெரியும். கையில் போன் இருக்கிற 15 வயதுப் பெண், தன் எக்ஸ்ரேயைப் பார்த்த அன்றே தேடிப் படித்திருப்பாள். அதில் பாதி சரியாக இருக்கும், மீதி யாரோ பயமுறுத்த எழுதியதாக இருக்கும். எது எந்தப் பாதி என்று உங்களிடம் கேட்க அவளுக்கு வழி இல்லை, அவ்வளவுதான்.

என் மகளுக்குப் போன வருடம் இதே ஆபரேஷன், வெளியூரில்தான். கூட இருந்தது நான். அவள் அம்மாவுக்கு லீவு கிடைக்கவில்லை. முதல் வாரம் மட்டும் என் அக்கா வந்திருந்தார். தெரிந்ததை அவ்வப்போது எழுதுகிறேன்.

மே 7

எங்கள் டாக்டர் நன்றாகவே விளக்கினார். முள்ளெலும்புகளில் ஸ்க்ரூ போட்டு, இரண்டு பக்கமும் கம்பி வைத்து, வளைவைத் திருத்தி, எலும்புத் துகள்களை வைப்பார்கள். பிறகு அந்தப் பகுதி மாதக்கணக்கில் மெதுவாக ஒட்டி ஒரே எலும்பாகும். அதுவரை பிடித்து வைத்திருப்பதுதான் கம்பியின் வேலை. எல்லாம் சரி. ஆனால் முழுவதையும் என்னைப் பார்த்தே சொன்னார். முதுகுக்குச் சொந்தக்காரி பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள்.

"டாக்டர், அவளைப் பார்த்துச் சொல்லுங்கள்" என்றேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை, நாற்காலியைத் திருப்பிக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்து நான் வெளியே போய் நின்றேன். அப்பா எதிரில் கேட்க முடியாத கேள்விகள் இருக்கும் இல்லையா. அவள் கேட்டது இரண்டு என்று பிறகு தெரிந்தது. கால் விளங்காமல் போகுமா? தழும்பு சட்டைக் கழுத்துக்கு மேலே தெரியுமா? இரண்டையும் ஒரே தீவிரத்தோடு கேட்டிருக்கிறாள். இரண்டாவதைக் கேட்டுச் சிரிக்காத டாக்டர் என்பதற்காகவே எனக்கு அவர்மீது மதிப்பு.

முதல் கேள்விக்குப் பதில்: இந்த வயதில், காரணம் தெரியாமல் வரும் வகை ஸ்கோலியோசிஸில், நிரந்தர நரம்புப் பாதிப்பு நூற்றில் ஒருவரைவிடக் குறைவு. ஆபரேஷன் நடக்கும்போதே தலையிலும் கை கால்களிலும் மின்முனைகள் வைத்து, தண்டுவடத்தில் சிக்னல் போகிறதா என்று ஒருவர் பார்த்துக்கொண்டே இருப்பார். இந்த வசதி வருவதற்கு முன் நோயாளியைப் பாதியில் எழுப்பி, "காலை அசை" என்று சொல்லிப் பார்ப்பார்களாம். ஸ்டாக்னாரா என்ற பிரெஞ்சு மருத்துவரும் சகாக்களும் 1973-இல் எழுதிய முறை அது. என் மகளுக்கு இது ஆறுதலாக இருந்ததைவிட சுவாரஸ்யமாக இருந்தது. அன்று மாலைக்குள் வகுப்பு முழுவதற்கும் தெரிந்துவிட்டது.

மே 7, பின்னிரவு

மேலே எழுதியதைப் படித்துவிட்டு எல்லாவற்றையும் ஒரே நாளில் கொட்டிவிடாதீர்கள். என் மகள் ஆபரேஷன் வீடியோ எதையும் பார்க்க மாட்டேன் என்றாள். ஸ்க்ரூ எத்தனை என்றுகூடக் கேட்கவில்லை. அவளுக்கு வேண்டியது வேறு. கண் விழிக்கும்போது எந்த அறையில் இருப்பேன், உடம்பில் என்னென்ன குழாய் இருக்கும், மூத்திரக் குழாயை எப்போது எடுப்பார்கள், யார் உடை மாற்றுவார்கள், அப்பா உள்ளே இருப்பாரா. பெரியவர்களான நாம் கோணத்தையும் சதவீதத்தையும் பிடித்துக்கொண்டு தொங்குகிறோம். "உனக்கு என்ன தெரிய வேண்டும்?" என்று கேளுங்கள். "ஒன்றும் வேண்டாம்" என்றால் இரண்டு நாள் விட்டுத் திரும்பக் கேளுங்கள்.

மே 9

'பிரேஸை (வளைவு கூடாமல் தடுக்க உடம்பில் மாட்டும் கவசம்) ஒழுங்காகப் போட்டிருந்தால் இந்த நிலை வந்திருக்காதே' என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இதைத் தயவுசெய்து பிள்ளை காதில் விழும்படி சொல்லாதீர்கள். 2013-இல் வெளிவந்த பிரெய்ஸ்ட் ஆய்வு இந்த விஷயத்தில் பெரிய ஆய்வு. வளர்ச்சி முடியும்வரை வளைவு 50 டிகிரியைத் தொடாமல் தப்பியவர்கள், பிரேஸ் போட்டவர்களில் 72 சதவீதம், போடாதவர்களில் 48. ஆக, பிரேஸ் வேலை செய்கிறது. அதிக மணி நேரம் போட்டவர்களுக்கு இன்னும் நன்றாக. இதை நான் மறுக்கவில்லை. ஆனால் போட்டும் தாண்டியவர்கள் கால்வாசிக்கு மேல், போடாமலே தப்பியவர்கள் கிட்டத்தட்ட பாதி. இந்தக் கணக்கில் உங்கள் பிள்ளை எந்தப் பக்கம் விழுந்திருப்பாள் என்று யாராலும் சொல்ல முடியாது. 58 டிகிரிக்கு வந்த பிறகு அந்த விசாரணையால் என்ன லாபம்?

மே 9

உங்கள் உறவினர் ஒருவர் சொன்னதாக எழுதியிருந்தீர்களே, புத்தகப் பையாலும் கூன் போட்டு உட்கார்ந்ததாலும் இது வருவதில்லை. அந்த உறவினரிடம் நானே பேசட்டுமா?

மே 13

தங்கும் அறை பற்றிக் கேட்டிருந்தீர்கள். இதை எழுத உட்கார்ந்தால் நீளும்.

மருத்துவமனைக்குள் இருக்கும் நாட்களுக்கு அறை பெரிய விஷயம் இல்லை. டிஸ்சார்ஜ் ஆன பிறகு, முதல் டிரெஸ்ஸிங் பார்த்து 'கிளம்பலாம்' என்று சொல்லும்வரை இருக்கும் நாட்களுக்குத்தான் அது முக்கியம். லிஃப்ட் இருக்கிறதா, அது வேலை செய்கிறதா? இரண்டும் தனித்தனிக் கேள்வி. தரையோடு தாழ்ந்த கட்டில் வேண்டாம். உட்கார்ந்தால் முழங்கால் மட்டத்துக்கு வர வேண்டும். கம்மோடு தாழ்வாக இருந்தால் மேலே வைக்கும் உயர இருக்கை வாடகைக்குக் கிடைக்குமா என்று பிசியோதெரபிஸ்டிடம் கேளுங்கள். ஒட்டிய பகுதி வளையாது, மற்ற பகுதியை வளைக்கவும் சில வாரம் தயக்கமாக இருக்கும். அதனால் தாழ்வான எதுவும் எதிரி. குளியலறையில் பிடித்துக்கொள்ள ஏதாவது வேண்டும், வழுக்காத மிதியடி வேண்டும். அறை மருத்துவமனையிலிருந்து எத்தனை நிமிடம் என்று இரவு நேரத்தில் போய்ப் பாருங்கள். பகலில் பத்து நிமிடம் என்பது இரவில் வண்டி கிடைக்காத பத்து நிமிடம்.

பையில்: முன்பக்கம் திறக்கும் சட்டைகள், கட்டாத செருப்பு, வளைகிற உறிஞ்சுகுழல், லிப் பாம், சின்னச் சின்னத் தலையணைகள். தலைமுடி நீளமாக இருந்தால் காதுக்குப் பின்னால் இரண்டு பக்கமாகப் பின்னிவிடுங்கள். நடுவில் ஒற்றைப் பின்னல் என்றால் மல்லாந்து படுக்கும்போது அதன் மேலேயே படுக்க வேண்டும், பல நாள் தலை அலசவும் முடியாது. நகப்பாலிஷை முன்கூட்டியே எடுத்துவிடச் சொல்லுங்கள். விரலில் மாட்டும் ஆக்சிஜன் அளவுமானிக்கு அது இடைஞ்சல். எங்கள் வீட்டில் ஆபரேஷனுக்கு முந்தின நாள் நடந்த ஒரே பெரிய சண்டை அதற்காகத்தான்.

மாதவிடாய் நாள் தள்ளிப்போகும் என்று நம்பியிருக்க வேண்டாம். அலைச்சலிலும் பதற்றத்திலும் முன்னாடியே வரலாம். ஆபரேஷனுக்கு அது தடை இல்லை, நர்ஸிடம் சொன்னால் பார்த்துக்கொள்வார்கள். என்னிடம் சொல்லக் கூச்சப்பட்டு மகள் அத்தையிடம் சொன்னாள், அத்தை என்னிடம் சொன்னார், நான் நர்ஸிடம் சொன்னேன். நீங்கள் அம்மா, இந்தச் சுற்று உங்களுக்கு மிச்சம்.

உங்கள் மாத்திரைகளையும் எடுத்து வையுங்கள். பிள்ளைக்கு எல்லாம் எடுத்துப்போய்விட்டு என் ரத்தக்கொதிப்பு மாத்திரைக்காக ராத்திரி அலைந்திருக்கிறேன்.

மே 14

சார்ஜர் வயர் நீளமாக வேண்டும். மிக நீளமாக.

மே 20

நேற்று ஒருவர் வலியைப் பற்றிக் கேட்டார். பெரும்பாலான இடங்களில் முதல் ஒன்றிரண்டு நாளுக்கு ஒரு பம்ப் வைத்துக் கையில் ஒரு பட்டன் கொடுப்பார்கள். வலித்தால் அழுத்த வேண்டும், ஒரு சிறு அளவு மார்பின் வகை மருந்து இறங்கும். எத்தனை முறை அழுத்தினாலும் குறிப்பிட்ட இடைவெளிக்கு முன் அடுத்தது இறங்காது.

அந்தப் பட்டனை நீங்கள் தொடக்கூடாது.

எனக்கு இதைச் சொன்ன மயக்க மருந்து டாக்டர் கொஞ்சம் கறாரானவர். "அவளுக்காக நீங்கள் செய்ய நினைக்கும் முதல் உதவி இதுவாகத்தான் இருக்கும். செய்யாதீர்கள்" என்றார். காரணம் எளிது. மருந்து கூடினால் பிள்ளை தூங்கிவிடும், தூங்கினால் கை பட்டனை விட்டுவிடும், மருந்து நின்றுவிடும். பாதுகாப்பே அதில்தான் இருக்கிறது. பக்கத்தில் உட்கார்ந்து நாம் அழுத்தினால் தூக்கத்திலும் மருந்து இறங்கும், மூச்சு மந்தமாகும்.

மே 21

'தூங்கும்போது அழுத்தி வைத்தால் வலியில்லாமல் எழுவாளே' என்று எழுதியவருக்கு: நேற்று எழுதியதை முழுதாகப் படியுங்கள். தூக்கத்தில் முனகினால் நர்ஸைக் கூப்பிடுங்கள்.

வலி எண் விஷயமும் இதோடு சேர்ந்ததுதான். பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் எவ்வளவு என்று கேட்பார்கள். மகள் ஐந்து என்றாள். முகத்தைப் பார்த்தால் எனக்கு எட்டாகத் தெரிந்தது. "எட்டு இருக்கும் சிஸ்டர்" என்றேன். "அப்பா, வலி எனக்கு" என்றாள், கண்ணைத் திறக்காமலே. நர்ஸ் ஐந்து என்றே எழுதிக்கொண்டார். அதன் பிறகு நான் எண் சொல்வதில்லை. பார்த்ததை மட்டும் சொன்னேன்: ராத்திரி மூன்று மணியிலிருந்து தூங்கவில்லை, திரும்பும்போது மூச்சைப் பிடித்துக்கொள்கிறாள், இந்த மாதிரி. அது அவர்களுக்கு உபயோகமாக இருந்தது. ஒரே காலையில் மூன்று பேர் வந்து கேட்டபோது அவள் சொன்ன பதில்: "நீங்கள் கேட்பதற்கு முன் மூன்று. இப்போது நான்கு."

ஜூன் 2

சளி, காய்ச்சலால் தேதி தள்ளிப்போனதாகக் கேட்டவர் எழுதியிருக்கிறார். அறைக்கு முன்பணம் கட்டி, லீவு போட்டு, மனசைத் தயார் செய்து, அங்கே போன பிறகு இப்படி ஆவது கொடுமைதான். ஆனால் நெஞ்சில் சளியோடு பல மணி நேர மயக்கம் கொடுக்க எந்த நல்ல டாக்டரும் சம்மதிக்க மாட்டார். ஊருக்குத் திரும்புவதா, அங்கேயே இருப்பதா என்பதையும் அவளிடம் கேளுங்கள். என் பந்தயம்: வீட்டுக்குப் போகலாம் என்பாள்.

ஜூன் 3

பந்தயம் தோற்றது. அங்கேயே இருக்கலாம் என்றாளாம், திரும்ப ஒருமுறை எல்லாரிடமும் டாட்டா சொல்ல முடியாதாம். நியாயம்தான்.

ஜூன் 15, காலை

இன்று உள்ளே அழைத்துப் போயிருப்பார்கள். ஒன்று மட்டும் ஞாபகம் வையுங்கள். உள்ளே போன நேரத்திலிருந்து கணக்குப் போடாதீர்கள். மயக்கம் கொடுத்து, ஊசிகள், மின்முனைகள் எல்லாம் வைத்து, குப்புறப் படுக்க வைத்து, முகமும் கையும் அழுந்தாமல் சரிபார்க்கவே ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். கத்தி வைப்பது அதன் பிறகுதான். 'ஐந்து மணி நேரம் என்றார்களே, ஏழு ஆகிவிட்டதே' என்று நான் வராந்தாவில் நடந்தேன். முடிந்த பிறகும் தையல், எழுப்புவது எல்லாம் இருக்கிறது. நடுவில் யாராவது வெளியே வந்து சொல்வார்களா, யாருடைய போனுக்கு அழைப்பார்கள் என்று இப்போதே கேட்டு வையுங்கள். சாப்பிடப் போங்கள்.

ஜூன் 17

முகம் வீங்கியிருக்கிறது, அடையாளமே தெரியவில்லை என்கிறீர்கள். பல மணி நேரம் குப்புறப் படுத்திருந்ததால் அப்படி ஆகும், ஒன்றிரண்டு நாளில் வடியும். தொடையின் முன்பக்கம் மரத்த மாதிரி இருந்தால் அதுவும் பெரும்பாலும் படுக்க வைத்த அழுத்தத்தால்தான். இருந்தாலும் டாக்டரிடம் சொல்லுங்கள். 'பெரும்பாலும்' என்பதை நான் முடிவு செய்யக்கூடாது.

கத்துகிறாள் என்பதற்கு: என் மகளும் கத்தினாள். நர்ஸிடம் தேன், என்னிடம் நெருப்பு. இரண்டாம், மூன்றாம் நாள்தான் மோசம். பம்ப்பை நிறுத்தி மாத்திரைக்கு மாற்றுவார்கள், அதே நாளில் எழுந்து நிற்கவும் சொல்வார்கள். படுக்கையில் திரும்பும்போது தோளும் இடுப்பும் ஒன்றாக, மரக்கட்டையை உருட்டுகிற மாதிரி திரும்ப வேண்டும். பிசியோதெரபிஸ்ட் காட்டும்போது கையைக் கட்டிக்கொண்டு நிற்காமல் நீங்களும் ஒருமுறை செய்து காட்டுங்கள், சரியா என்று கேளுங்கள். அறைக்குப் போன பிறகு அந்த இடத்தில் நீங்கள்தான் இருப்பீர்கள். முதல்முறை நிற்பதற்கு அரை மணி முன்னால் வலி மாத்திரை கொடுத்தாயிற்றா என்று கேட்கலாம். இதைக் கேட்பது அதிகப்பிரசங்கித்தனம் இல்லை.

ஹாரிங்டன் என்ற அமெரிக்க மருத்துவர் 1962-இல் கம்பி வைக்கும் முறையை வெளியிட்ட காலத்தில், ஆபரேஷனுக்குப் பிறகு மாதக்கணக்கில் மாவுக்கட்டு. இப்போது மறுநாளே நில் என்கிறார்கள். மகளிடம் இதைச் சொன்னேன். "அந்தக் காலத்துப் பிள்ளைகள் பாவம், நானும் பாவம்" என்றாள்.

ஜூன் 18

உறவினர் குழுவில் படம் போடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். யாருடைய படம்? அவளுடையது. அவளிடம் கேளுங்கள். என் மகள் 'வேண்டாம்' என்றாள், 'அத்தைக்கு மட்டும்' என்றாள், கடைசியில் தழும்பின் படத்தைத் தானே சிநேகிதிகளுக்கு அனுப்பினாள். நான் தினமும் இரவு ஒரே ஒரு செய்தி வீட்டுக்கு அனுப்பினேன். அதை எல்லாருக்கும் சொல்லும் பொறுப்பு அவள் அம்மாவுக்கு. தனித்தனியாகப் பதில் சொல்ல ஆரம்பித்தால் ராத்திரி முழுக்க ரிசெப்ஷன் வேலை பார்க்க வேண்டியதுதான்.

வீட்டில் இருக்கும் சின்னவனை மறக்காதீர்கள். எங்கள் சின்னவள் போனில் அக்காவிடம் கேட்டது, "கம்பி துரு பிடிக்குமா?" பிடிக்காது, டைட்டானியம்.

ஜூன் 22

மலச்சிக்கலைப் பற்றி யாரும் எழுத மாட்டார்கள், நான் எழுதுகிறேன். வலி மருந்து குடலை நிறுத்தி வைத்துவிடும். மலமிளக்கியை முதலிலேயே தொடங்கினார்களா என்று கேளுங்கள், தண்ணீர் கொடுங்கள், நடக்க வையுங்கள். டிஸ்சார்ஜுக்கு முன் என் மகள் கஷ்டப்பட்டது முதுகால் இல்லை, வயிற்றால்தான்.

ஒரு எச்சரிக்கை. வாந்தி நிற்காமல் வந்தால், அதுவும் பச்சையாக, ஒல்லியான பிள்ளை என்றால், 'மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை' என்று அறையில் உட்கார்ந்திருக்காதீர்கள், மருத்துவமனைக்கு ஓடுங்கள். முதுகு திடீரென நீண்டதில் சிறுகுடலின் ஆரம்பப் பகுதி ரத்தக் குழாய்களுக்கு நடுவே நசுங்குவது உண்டு. அபூர்வம், ஆனால் தெரிந்திருக்க வேண்டும். காய்ச்சல், காயத்தில் கசிவு, கால் பலவீனம், மூத்திரம் போக முடியாமை, இவற்றுக்கும் அதே ஓட்டம்தான்.

ஜூன் 27

ஊர் திரும்பும்முன் வாங்க வேண்டியவை: எந்த முள்ளெலும்பிலிருந்து எதுவரை ஒட்டினார்கள் என்பது உள்ள டிஸ்சார்ஜ் சம்மரி, கம்பி, ஸ்க்ரூ எந்த உலோகம், எந்த கம்பெனி என்ற தாள், எக்ஸ்ரே படங்கள் சிடியில் (பிலிமை போனில் படம் எடுத்தால் போதும் என்று விடாதீர்கள்), வலி மாத்திரையை எப்படிக் குறைப்பது என்ற அட்டவணை, ராத்திரி அழைக்க ஒரு எண், பள்ளிக்கு ஒரு கடிதம். உள்ளூரில் காயத்தைப் பார்க்கப்போகும் டாக்டரை முன்பே பேசி வையுங்கள். எங்கள் ஊரில் முதலில் போனவர் 'அங்கே செய்ததை நான் தொட மாட்டேன்' என்று அனுப்பிவிட்டார்.

'கம்பி முறிந்துவிடும், காரில் போகாதே' என்று ஒருவர் பயமுறுத்தியிருக்கிறார். முறியாது. அலுக்கும், வலிக்கும். முன் சீட்டைக் கொஞ்சம் சாய்த்து, மணிக்கு ஒருமுறை இறங்கி நடக்க வைத்தோம். விமானம் என்றால் டாக்டர் சம்மதத்தை எழுத்தில் வாங்குங்கள்.

ஜூலை 19

எல்லாம் நன்றாக ஆறி வருகிறது, ஆனால் சும்மா சும்மா அழுகிறாள் என்று எழுதியிருக்கிறீர்கள். மூன்றாம், நான்காம் வாரத்தில் எங்கள் வீட்டிலும் இதே கதை. மருத்துவமனையில் எல்லாரும் சுற்றி நின்றார்கள். வீட்டுக்கு வந்தால் சிநேகிதிகளுக்குப் பள்ளி, நமக்கு வேலை, அவளுக்கு ஒரு கட்டில். சில சென்டிமீட்டர் உயரம் கூடியிருப்பாள், கண்ணாடியில் இருப்பது வேறு யாரோ மாதிரி இருக்கும். பழைய சட்டைகள் வேறு மாதிரி விழும். நான் 'நேராக எவ்வளவு அழகாக இருக்கிறாய்' என்று சொல்லப்போய், "அப்போ முன்னாடி?" என்று திருப்பிக் கேட்டாள். பதில் இல்லை. பள்ளிக்கு அரை நாளாவது போக ஆரம்பித்த பிறகு மெல்லத் தணிந்தது. பொதுவாக நாலைந்து வாரத்தில் அனுப்புகிறார்கள். புத்தகங்கள் இரண்டு செட் வேண்டும், ஒன்று பள்ளியில், ஒன்று வீட்டில். வாரக்கணக்கில் அழுகை நீண்டாலோ தூக்கம் போனாலோ டாக்டரிடம் சொல்லுங்கள், 'வயசுக் கோளாறு' என்று விட வேண்டாம்.

ஆகஸ்ட் 11

மகள் இந்தப் பக்கம் முழுவதையும் படித்துவிட்டாள். ஆட்சேபங்கள் சொல்லச் சொல்ல எழுதுகிறேன்.

நகப்பாலிஷ் சண்டையை ஆரம்பித்தது நான்தானாம். மாதவிடாய் விஷயத்தை எழுதுவதற்கு முன் கேட்டிருக்க வேண்டுமாம். இப்போது கேட்டேன், இருக்கட்டும் என்றாள். மயக்கம் தெளிந்தபோது முதுகைவிடத் தொண்டையும் நாக்கும்தான் வலித்தது, அதை யாரும் முன்னாலேயே சொல்லவில்லையாம். (தொண்டைக்கு மூச்சுக் குழாய் காரணம். சிக்னல் சோதனையில் தாடை இறுகும், நாக்கு கடிபடாமல் இருக்க வாயில் ஒரு பஞ்சுக்கட்டை வைப்பார்கள், அப்படியும் சிலருக்கு வலிக்கும்.) வெட்டின இடத்தைச் சுற்றி இன்னும் மரத்த மாதிரி இருக்கிறது, அரிப்பு எடுத்தால் சொறிந்தும் பிரயோஜனம் இல்லையாம்.

உங்கள் மகளுக்கு அவள் சொல்வது: ஷூ லேஸ் கட்ட முடியாது என்று நினைக்க வேண்டாம், காலைத் தூக்கி ஸ்டூலில் வைத்துக் கட்டலாம். நீச்சல் எப்போது என்று அவள்தான் டாக்டரிடம் கேட்க வேண்டும், அம்மா கேட்டால் 'பார்க்கலாம்' என்பார்கள். வேறு சந்தேகம் இருந்தால் அவளே இங்கே எழுதட்டும், பதிலை என் மகள் எழுதுவாள், நான் தட்டச்சு மட்டும். அதுவும் வேண்டாம், தானே தட்டிக்கொள்கிறாளாம்.